ஆர்டாலிப் பிரபுவின் திருத்தம்

பிள்ளை தமிழோ? ஓம், நினைச்சனான். போனிலை "அம்மா, பஸ் ஏறீட்டன்" எண்டு சொன்னது காதிலை விழுந்தது. ஒட்டுக் கேக்கேல்லை, குறை நினையாதையும். அபர்தீனைத் தாண்டினா இந்தப் பக்கம் எங்கடை சனம் இல்லை. ஒரு தமிழ்ச் சொல் கேட்டா நான் திரும்பிப் பாத்துப்போடுவன். பையை இஞ்சாலை வையும். இரும்.

உந்த நீலச் சட்டை ஏஜென்சிச் சட்டை எல்லோ. வயசான ஆக்களைப் பாக்கிற வேலை. முதல் வீடோ? கிழவி தனியவோ? ம். பயமாக் கிடக்கோ? பயப்பிடாதையும். நான் பயந்த ஆள் இல்லைப் பாரும். ஷெல் விழேக்கை அடுப்பை அணைக்காமல் சோறு வடிச்சனான். என்ரை மனிசனைக் கேட்டால் சொல்லுவார், தவமலருக்குப் பயம் எண்டால் என்னெண்டு தெரியாது எண்டு. ஆனா ஒரு வீட்டிலை, ஒரு பனிக்காலம் முழுக்க, நடுங்கிக்கொண்டு இருந்தனான். அந்த வீட்டுக் கிழவர் ஒரு பிரபு. பேருக்குப் பிரபு இல்லை, அறுநூறு வருஷத்துப் பிரபு. ஆர்டாலிப் பிரபு எண்டு சொல்லுறது. உமக்கு இறங்க இன்னும் கனநேரம் கிடக்குத்தானே. சொல்லுறன்.

கடற்கரைப் பக்கம், மலைக்காட்டுக்கு நடுவிலை பெரிய கல் வீடு. இருபது அறையாவது இருக்கும், சூடு மூண்டு அறைக்குத்தான். பிரபுவின்ரை மனிசி செத்துப்போனா. ஒரேயொரு மகள், லேடி கிறிசெல். எடின்பரோவிலை வழக்கறிஞர் வேலை, சனி ஞாயிறு வருவா. மற்ற நாளெல்லாம் நானும் அவரும்தான். அவருக்கு எண்பதுக்குக் கிட்ட. ஆள் நல்ல உயரம். கிட்ட நிண்டு சவரம் எடுக்க நான் முக்காலியிலை ஏறவேணும். ஞாபக மறதி வருத்தம். காலமை சாப்பிட்டதை மத்தியானம் மறந்திடுவார், ஆனா அந்தக் காலத்துக் கதை ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். நான் அவரைச் சேர் எண்டு கூப்பிடுறது. அவர் என்னை நேர்ஸ் எண்டு கூப்பிடுறது. நான் நேர்ஸ் இல்லை எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்.

அவற்றை சீவியத்தை நான் கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் கேட்டிருப்பன். ஒன்பது வயசிலை தேப்பன் சண்டையிலை செத்துப்போனார், கப்பல் கடலிலை மூழ்கிப்போச்சுது. இவர் விடுதிப் பள்ளிக்கூடத்திலை. தலைமை வாத்தியார் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். போய் நிண்டவுடனை அந்தாள் கதிரையை விட்டு எழும்பி நிண்டு, "மை லோட்", பிரபுவே, எண்டாராம். "என்னை அப்பிடிக் கூப்பிட்டால் அப்பா இல்லை எண்டுதானே அர்த்தம். அந்தாள் மிச்சத்தைச் சொல்லுறதுக்கு முன்னமே எனக்கு விளங்கீட்டுது, நேர்ஸ்." இதைச் சொல்லேக்கை எல்லாம் அவருக்கு ஒன்பது வயசுதான்.

பிறகு இருபத்தொரு வயசிலை லண்டன் மேல்சபைக்குப் போனார். வோட்டுக் கேட்டுப் போகேல்லை. அப்பத்தையச் சட்டம் அப்பிடி. தேப்பன் பிரபு எண்டா மகனுக்கும் சபையிலை இடம். முதல் பேச்சு மீனைப் பற்றி. எங்கடை கீரி, சாளை மாதிரி இஞ்சை ஹெரிங் எண்டு ஒரு மீன். சின்ன மீனையும் அள்ளினால் கடலிலை ஒண்டும் மிஞ்சாது, வலைக்கண்ணைப் பெரிசாக்குங்கோ எண்டு பேசினவராம். "பாதிப்பேர் நித்திரை. மிச்சப் பாதி சிரிச்சினம். ஆனா வலைக்கண் மாறினது!" எண்டு கதிரைக் கையிலை தட்டுவார். அதாலைதான் மீன்பிடி அமைச்சிலை துணை மந்திரி ஆக்கினவை. சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கரையிலை மீன் பிடிக்கிற சனம் இப்பவும் அவற்றை பேரைச் சொன்னால் தொப்பியைக் கழட்டும்.

அதுக்குப் பிறகு கதை ஒரு பாய்ச்சல் பாயும். மீன்பிடி அமைச்சு முடிய, நேரை சபையை விட்டுக் கலைச்ச கதை. தொண்ணூற்றொன்பதிலை பரம்பரைப் பிரபுக்கள் வேண்டாம் எண்டு சட்டம் வந்ததெல்லோ. "அறுநூறு வருஷமா இருந்த இடம். குடையை எடுத்துக்கொண்டு போ எண்டிட்டினம். இருந்த இடத்தை விட்டுப் போ எண்டால் எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரியாது, நேர்ஸ்." எனக்குச் சிரிப்பு வரும். எனக்கோ தெரியாது? சூப்பைக் கலக்குவன்.

நடுவிலை என்ன நடந்தது எண்டு நான் மகளைக் கேட்டனான். "வேறொரு அமைச்சிலை கொஞ்சக்காலம் இருந்தவர். திடீரெண்டு விட்டிட்டார். பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் சபைக்குப் போய் இருந்தவர், ஆனா வாயே திறக்கேல்லை" எண்டா. ஏன் எண்டு கேட்டன். "எனக்கும் சொல்லேல்லை" எண்டா. பெரிய இடத்துக் கதை, எனக்கென்ன எண்டு விட்டிட்டன்.

பகலிலை நல்ல மனிசன். பின்னேரம்தான் பிரச்சினை. இந்தப் பக்கம் மார்கழியிலை பின்னேரம் தேத்தண்ணி குடிக்க முதலே இருட்டீடும். வெளிச்சம் குறையத் தொடங்க அவருக்குக் கண் மாறும். யன்னல் சீலையைப் பிடிச்சுக்கொண்டு ஒழுங்கையைப் பாப்பார். "வருகினம்" எண்டுவார். "ஆர் சேர்?" "அவை. என்னைப் பிடிச்சு அனுப்பப் போகினம்." பிறகு சப்பாத்து வைக்கிற சின்ன அறைக்குள்ளை போய், அந்தப் பெரிய உடம்பை மடிச்சுக்கொண்டு, மழைச் சட்டையளுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு இருப்பார். பல்லுக் கிடுகிடு எண்டு அடிக்கும். ஒரு மந்திரியா இருந்த மனிசன், பிள்ளை.

பயம் தொத்து வருத்தம் பாரும். முதல் கிழமை நான் சிரிச்சுச் சமாளிச்சன். ரெண்டாம் கிழமை நானும் ஒழுங்கையைப் பாக்கத் தொடங்கீட்டன். மூண்டாம் கிழமை ஒரு வாகனச் சத்தம் கேட்டால் கையிலை இருக்கிற வேலையைப் போட்டிட்டு எழும்பி நிப்பன். ஊரிலை ஆமி ஜீப் வந்து படலையிலை நிக்கிற சத்தம் ஒண்டு இருக்கெல்லோ, அந்தச் சத்தம். வாறது தபால்காரன் எண்டு தெரியும். தெரிஞ்சும் நான் அந்தச் சப்பாத்து அறை வாசலிலை, அவருக்குக் காவல் நிக்கிறமாதிரி, கதவைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். ஆர் ஆருக்குக் காவல் எண்டு அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

பிறகு அந்தப் பெரிய பனி வந்தது. ரெண்டாயிரத்துப் பத்து. நீர் அப்ப இஞ்சை இல்லை. ரோட்டெல்லாம் மூடீட்டுது, கரண்ட் இல்லை, போன் இல்லை. லேடி கிறிசெல்லுக்கு வர வழியில்லை. நான் குசினியிலை விறகு அடுப்பு மூட்டிக்கொண்டு இருந்தன். முதுகிலை சில்லெண்டு காத்துப் பட்டுது. திரும்பிப் பாத்தால் பின்கதவு ஆவெண்டு திறந்து கிடக்குது. வாசல் பனியிலை வீட்டுச் செருப்பின்ரை அடி.

 அவற்றை கோட்டை இழுத்துக்கொண்டு ஓடினன். வெளிச்சம் போற நேரம். வெள்ளையைத் தவிர ஒண்டும் தெரியேல்லை. சேர், சேர் எண்டு கத்துறன், என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை. அந்த அடியைப் பிடிச்சுக்கொண்டே போனால், ஆடு அடைக்கிற கல் மதில் ஒண்டு. அதின்ரை மூலையிலை குந்திக்கொண்டு இருக்கிறார். என்னைக் கண்டவுடனை ரெண்டு கையையும் தூக்கிப்போட்டார். சரணடையிற ஆள் மாதிரி.

"என்னைத் திருப்பி அனுப்பாதை" எண்டு அழுறார். "நான் ஒண்டும் செய்யேல்லை. தயவுசெய்து அனுப்பாதை."

நான் கோட்டைப் போர்த்தன். "வீட்டைதானே போறம், சேர். வாங்கோ. அங்கை உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை."

பிள்ளை, அந்த மனிசன்ரை அழுகை டக்கெண்டு நிண்டுது. என்னை நிமிர்ந்து பாத்தார். தெளிஞ்ச பார்வை. நான் போன நாளிலையிருந்து அப்பிடி ஒரு பார்வை பாக்கேல்லை.

"அது நான் சொன்ன வசனம்" எண்டார்.

"என்ன சேர்?"

"சபையிலை எழும்பி நிண்டு சொன்னனான். அதிகாரியள் எழுதித் தந்தவை, நான் வாசிச்சனான். திருப்பி அனுப்பப்படுற தமிழருக்கு அங்கை ஒரு ஆபத்தும் இல்லை."

தமிழர் எண்டார். நான் ஆர் எண்டு அவருக்குத் தெரியாது, பாரும். நான் அவருக்கு நேர்ஸ்.

எனக்கு ஒரு அண்ணை இருந்தவர். குலசிங்கம். எண்பத்துமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்தவர். எண்பத்தேழிலை திருப்பி அனுப்பீட்டினம். கொழும்பிலை இறங்கி, மாமா வீட்டுக்குப் போன் எடுத்தவர், "நாளைக்கு ரெயினிலை வாறன்" எண்டு. அம்மா புட்டு அவிச்சு மூடி வைச்சுக்கொண்டு படலையைப் பாத்துக்கொண்டு இருந்தவ. ரெயின் வந்தது. அண்ணை வரேல்லை. ஸ்ரேசனிலை பிடிச்சவை எண்டும் சொன்னவை, வழியிலை இறக்கினவை எண்டும் சொன்னவை. எலும்பு கூடக் கிடைக்கேல்லை. அம்மா சாகுமட்டும் அவருக்கு ஒரு திவசம் செய்ய விடேல்லை.

அந்தப் பனிக்குள்ளை நிண்டு நான் அவரைப் பாக்கிறன். ஒருத்தரும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால், காலமை ஒரு கிழவர் குளிரிலை விறைச்சுப்போனார் எண்டுதான் கதை. ஒருத்தரும் என்னைக் குறை சொல்லாயினம். அப்பதான் பிள்ளை எனக்கு உண்மையான பயம் வந்தது. அவரிலை இல்லை, பனியிலை இல்லை. என்ரை காலிலை. ஏனெண்டா கால் வீட்டுப் பக்கம் திரும்பி நிண்டுது. நான் திருப்பேல்லை. அது தானாத் திரும்பி நிண்டுது.

அவர் என்ரை சட்டைக் கையைப் பிடிச்சார். "ஒருக்கா விமான நிலையத்துக்குப் பாக்கப் போனனான்" எண்டார். "ஒரு பெடியன் என்ரை கோட்டுப் பொத்தானைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. அவனுக்கும் அதைத்தான் சொன்னனான். ஒரு ஆபத்தும் இல்லை எண்டு. அவன் வீட்டை போய்ச் சேந்தானோ?"

 கக்கத்துக்குள்ளை கையைக் குடுத்துத் தூக்கினன். விழுந்து எழும்பி, அந்தப் பெரிய உடம்பை இழுத்துக்கொண்டு எப்பிடி வந்தன் எண்டு கேட்டால் தெரியாது. ஏன் கூட்டிக்கொண்டு வந்தனி எண்டு பிறகு என்ரை மனிசன் கேட்டவர். ஆள் செத்தால் ஏஜென்சி என்னைத்தானே கேக்கும், அதுதான் எண்டு சொன்னன். வேறை ஒண்டும் இல்லை. அதுக்குத்தான்.

ரோட்டுத் திறக்கும் வரைக்கும் நாங்கள் ரெண்டுபேரும் குசினிக்குப் பக்கத்து அறையிலைதான். அவருக்குக் காய்ச்சல்.  குளிசைப் பெட்டியை எட்டாத அலுமாரிக்கு மேலை தூக்கி வைச்சன். அவருக்கு எட்டாமல் இல்லை, எனக்கு எட்டாமல். முக்காலி போட்டு ஏறி எடுக்கிறதுக்குள்ளை மனம் ஆறும் எண்டு. ஒவ்வொரு குளிசையையும் "காய்ச்சலுக்கு ஒண்டு, நெஞ்சுக்கு ஒண்டு" எண்டு வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிக் குடுத்தன். ஆருக்குச் சொன்னன்? எனக்குத்தான்.

இருட்டத் தொடங்கினால் அதே கேள்வி. "அந்தப் பெடியன் போய்ச் சேந்தானோ, நேர்ஸ்?" முதல்நாள் வாய்க்கு வந்தபடி "ஓம் சேர், சேந்திட்டார்" எண்டன். நிம்மதியாக் கண்ணை மூடீட்டார். அடுத்த நாளும் கேட்டார். "ஓம் சேர்." அடுத்த நாளும். ஒவ்வொருக்கா ஓம் எண்டு சொல்லேக்கையும், அண்ணையை நானே இன்னொருக்கா விமானத்திலை ஏத்தி விடுறமாதிரிக் கிடந்தது. அவர் நித்திரை கொள்ளுவார். நான் கண்ணை மூடப் பயந்துகொண்டு இருப்பன். மூடினால் அம்மா படலையிலை நிப்பா.

அவர் பாத்த பெடியன் என்ரை அண்ணையோ எண்டு கேப்பீர். தெரியாது. அந்தக் காலத்திலை எத்தினை பெடியள். அவருக்குப் பேர் ஞாபகமில்லை, முகம் ஞாபகமில்லை, பொத்தானைப் பிடிச்ச விரல்தான் ஞாபகம்.

கடைசியா ஒருநாள் பின்னேரம், பனி விட்டு யன்னலிலை கொஞ்சம் வெளிச்சம் இருக்கு, கேட்டார்.  உண்மையைச் சொன்னால் இந்த மனிசன்ரை உயிர் போயிடுமோ எண்ட பயம். சொல்லாட்டி என்ரை புத்தி போயிடுமோ எண்ட பயம்.

"இல்லை சேர்" எண்டன். "போய்ச் சேரேல்லை."

தலையணையிலையிருந்து நிமிர்ந்து இருந்தார். 

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" எண்டார். பிறகு, "பேர் என்ன?"

"நீங்கள் பாத்தவற்றை பேர் தெரியாது, சேர். எனக்குத் தெரிஞ்ச ஒரு பேர் இருக்கு. குலசிங்கம்."

"குலா... சிங்..." நாக்கு வளையேல்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தார். பிறகு, "என்ரை கறுப்புக் கோட்டை எடு" எண்டார். காய்ச்சல்காரன், குளிரும் எண்டு சொல்லியும் கேக்கேல்லை. பைஜாமாவுக்கு மேலை போட்டுவிட்டன். கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி நிண்டார். ஆடுது உடம்பு. நான் விழுந்தால் பிடிக்கக் கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறன்.

"பிரபுக்களே" எண்டார். அறைக்குள்ளை நானும் ஒரு அலுமாரியும். "இந்தச் சபையிலை நான் முன்னம் சொன்ன ஒண்டு பிழை. திருப்பி அனுப்பப்படுறவைக்கு ஆபத்து இல்லை எண்டு சொன்னனான். ஆபத்து இருந்தது. சொல்லேக்கையே எனக்கு நிச்சயமில்லை. குலசிங்கம் எண்டவர் வீட்டை போய்ச் சேரேல்லை. பதிவைத் திருத்தும்படி கேக்கிறன்."

பேரைப் பிழையில்லாமல் சொன்னார், பிள்ளை. எப்பிடியோ அந்த ஒருக்காச் சரியா வந்திட்டுது.

பிறகு பொத்தெண்டு கட்டிலிலை இருந்தார். என்ரை முகத்தைப் பாத்து மெல்லமாக் கேட்டார். "கூச்சல் போட்டினமோ?"

"இல்லை சேர். ஒருத்தரும் சத்தம் போடேல்லை."

"அப்ப சரி. சூப் இருக்கோ?"

அடுத்தநாள் அவருக்கு ஒண்டும் ஞாபகமில்லை. இருட்டினவுடனை பழையபடி சப்பாத்து அறை. பயம் போகேல்லை பாரும், அவை வருகினம் எண்டு பழையபடி நடுக்கம். அந்தக் கேள்வியை மட்டும் பிறகு கேக்கேல்லை. ரோட்டுத் திறந்து மகள் வந்தவுடனை, "பதிவைத் திருத்திறது எண்டா என்ன?" எண்டு கேட்டனான். "மந்திரி சபையிலை பிழையான ஒண்டைச் சொல்லிப்போட்டால், திரும்ப எழும்பி நிண்டு பிழை எண்டு சொல்லவேணும். சொன்னால் அது எழுத்திலை ஏறும். ஏன் கேக்கிறாய்?" எண்டா. சும்மா எண்டன். சொல்லப் பயம். அவவின்ரை தேப்பன் எல்லோ.

பங்குனியிலை அவர் போயிட்டார். நெஞ்சிலை சளி. பெரிய வேதனை இல்லாமல் போனார். செத்தவீட்டுக்கு வேதக்கோயில் கொள்ளாத சனம். மீன்பிடிகாரர் ஒரு பக்கம், லண்டனிலையிருந்து கறுப்புக் கோட்டுக்காரர் ஒரு பக்கம். லேடி கிறிசெல் என்னைத் தன்ரை பக்கத்திலை இருத்தினவ. ஆக்களைத் திருப்பி அனுப்பின அந்த அமைச்சிலை அவரோடை பெரிய அதிகாரியா இருந்த ஒரு கிழவர் எழும்பி, சீவியத்தைச் சொன்னார். ஒன்பது வயசிலை பிரபு ஆனது, மீன், வலைக்கண், சபையை விட்டுப் போன நாள் எல்லாம் வந்தது. பிறகு, "திரும்ப எடுக்கவேண்டிய ஒரு சொல்லையும் அவர் அந்தச் சபையிலை சொல்லேல்லை" எண்டார்.

 எழும்பிக் கத்திப்போடுவனோ எண்ட பயத்திலை இருந்த வாங்குப் பலகையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

பிறகு மண்டபத்திலை தேத்தண்ணி. அந்தக் கிழவர் தானா என்னட்டை வந்தார். நல்ல மரியாதை. "நீங்கள்தான் கடைசியிலை அவரோடை இருந்தீங்களாம். பழைய காலத்தைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?"

பக்கத்திலை லேடி கிறிசெல் நிக்கிறா. என்ரை கையிலை தேத்தண்ணிக் கோப்பை. இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். என்ரை இங்கிலிசும் அந்த நேரம் பாத்து ஓடிப்போச்சுது. ஆனா வாய் திறந்திட்டுது.

"கதைச்சவர். எழும்பி நிண்டு பதிவைத் திருத்தினவர். திருப்பி அனுப்பின தமிழருக்கு ஆபத்து இருந்தது, நான் சொன்னது பிழை எண்டு சொன்னவர்."

அந்தாள் சிரிச்ச முகம் மாறாமல் என்ரை தோளைத் தட்டினார். "பாவம். கடைசியிலை அவருக்கு நினைவு தடுமாறிப்போச்சுதெல்லோ."

"ஓம், தடுமாறினது" எண்டன். "அண்டைக்கு மட்டும் தடுமாறேல்லை."

அந்தாள் தலையை ஆட்டிப்போட்டு வேறை ஆக்களிட்டைப் போயிட்டார். நான் மகளின்ரை முகத்தைப் பாக்கப் பயந்து நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். தேப்பனைப் புதைச்ச மண் இன்னும் காயேல்லை, வேலைக்கு வந்தவள் இப்பிடிச் சொல்லிப்போட்டாளே எண்டு அடிப்பாவோ, கலைப்பாவோ. அவ என்ரை கையிலையிருந்து கோப்பையை மெல்ல வாங்கி மேசையிலை வைச்சா.

"வேறை என்ன சொன்னவர்?" எண்டா.

"ஒரு பேர் சொன்னவர்."

"ஆரின்ரை பேர்?"

"என்ரை அண்ணையின்ரை."

கதிரை ஒண்டை இழுத்து என்னை இருத்தினா. தானும் முன்னாலை இருந்தா. மண்டபத்துச் சனம் முழுக்க அவவோடை கதைக்கக் காத்துக்கொண்டு நிக்குது. அவ திரும்பிப் பாக்கேல்லை. "எனக்கு அந்தப் பேரைச் சொல்லித் தா" எண்டா. சொன்னன். பிழையாச் சொன்னா. திருப்பிச் சொன்னன். அவவுக்குக் கண்ணாலை தண்ணி ஓடுது. ரெண்டுபேரும் அப்பிடியே இருந்து, அவவுக்கு வாயிலை வருமட்டும் சொல்லிக்கொண்டே இருந்தம்.